ஐந்து நாள் வியாழக்கிழமை

லிஃப்டை விட்டு வெளியே காலை வைத்த மறுகணமே ஹம்மு ஒரு குற்றம் செய்துவிட்டான்.

"திங்கக்கிழமை பாருங்க, ரோட்டுல ஒரே நெரிசல். அதான் லேட்டு," என்றான்.

எதிரே நின்ற பெரியவர் கையிலிருந்த வெண்கல மணியைக் கணகணவென்று ஆட்டினார். "இந்த மாடியில இன்னிக்கு வியாழக்கிழமை! வேற கிழமை பேரைச் சொல்றவங்க கீழ இறங்கிடணும்!"

ஹம்மு ஜன்னலைப் பார்த்தான். டான்ஜியர் துறைமுகத்தின் மேல் வெயில் சுள்ளென்று அடித்துக்கொண்டிருந்தது. கடலில் கப்பல்கள் பளபளத்தன.

"வியாழக்கிழமை ராத்திரி பதினொன்னு அம்பத்தஞ்சு," என்று பெரியவர் திருத்தமாகச் சொன்னார்.

"அப்போ குட் நைட்டுங்க," என்றான் ஹம்மு.

அவன் பின்னாலிருந்து ஸுஹூர் வந்தாள். ஐந்தடி உயரம், சாம்பல் நிற ஜெல்லாபா அங்கி, தோளில் ஆளை விழுங்கும் பை. துறைமுகச் சுங்கத்தில் இருபது வருஷம் அடுத்தவர் பெட்டியைத் திறந்து பார்த்தவள். போதும் என்று ஓய்வு வாங்கிக்கொண்டு, இப்போது துப்பறிகிறாள். ஹம்மு முன்பு கல்யாண வீடியோ எடுத்துக்கொண்டிருந்தான். ஒரு கல்யாணத்தில் மாப்பிள்ளையின் பழைய காதலியையும் சேர்த்து எடுத்துவிட்டதில் பிழைப்பு போய், இவளிடம் உதவியாளனாகச் சேர்ந்தான்.

"மணியைக் கீழ வைங்க ஸி மஹ்ஜூப். என்ன களவு போச்சு?" என்றாள் ஸுஹூர்.

"ஒரு மணி நேரம்," என்றார் பெரியவர். அவர் கண் கலங்கியிருந்தது.

ஸி மஹ்ஜூப்தான் மாநாட்டின் தலைவர். மூன்று வெளிநாடுகள் சண்டைக்கு நிற்க, நடுவில் நின்று பஞ்சாயத்து செய்ய மொராக்கோ இடம் கொடுத்திருந்தது. சண்டை, தானாக யோசிக்கும் இயந்திரங்களைப் பற்றியது. அந்த இயந்திரம் ஒருவன் பிழைப்பைக் கெடுத்தால் யார் பதில் சொல்வது? ஒப்பந்தத்தின் ஏழாம் விதி அதுதான். மற்றதெல்லாம் ஒத்துப்போய்விட்டது, இதில்தான் மாட்டிக்கொண்டது. வியாழன் நள்ளிரவோடு கெடு. பேச்சு முடியவில்லை. அப்படியானால் என்ன செய்வது வழக்கமோ அதை ஸி மஹ்ஜூப் செய்தார். பதினொன்று ஐம்பத்தைந்துக்கு மண்டபக் கடிகாரத்தை நிறுத்திவிட்டார். முள் நகராத வரை நள்ளிரவு வராது, நள்ளிரவு வராத வரை கெடு முடியாது. உலகம் முழுக்க ராஜதந்திரிகள் செய்கிற தில்லுமுல்லுதான். ஐந்து நாளாக அந்த மாடியில் வியாழக்கிழமை நடந்துகொண்டிருந்தது.

"இப்போ பாருங்க," என்று மண்டபத்தைத் திறந்து காட்டினார்.

சுவரில் இருந்த பெரிய கடிகாரத்தில் மணி பன்னிரண்டு ஐம்பத்தைந்து.

"விடியக்காலை எல்லாரையும் தூங்கப் போகச் சொன்னேன். எழுந்து வந்து பார்த்தா இப்படி. வெள்ளிக்கிழமை வந்துடுச்சு, மாநாடு முடிஞ்சு போச்சுன்னு கல்தாரா நாட்டுக்காரர் பெட்டி கட்டறார். அவர் பெட்டி லிஃப்டுல இறங்கிடுச்சுன்னா ஒப்பந்தமும் இறங்கிடும்."

"கேமரா?" என்றான் ஹம்மு.

"யோசிக்கிற கேமரா. கழட்டிட்டோம். போன், டி.வி., கைக்கடிகாரம் எல்லாமே பூட்டி வெச்சாச்சு. நாட்டுக்கு ஒரு ஆள், மொத்தம் மூணு பேர். இயந்திரத்தைப் பத்திப் பேசற இடத்துல இயந்திரம் இருக்கக் கூடாதுன்னு முதல் விதி."

"யார் செஞ்சதுன்னு சொல்லிக்கிறாங்க?" என்றாள் ஸுஹூர்.

"ஹோட்டல் கடிகாரங்களை ஓட்டற இயந்திரம்தான்னு கல்தாராக்காரர் சொல்றார். இந்தக் கடிகாரத்தைத் தொடாதேன்னு அதுக்குச் சொல்லி வெச்சிருந்தோம். ஆனா நோன்பு முடிஞ்சு நாடே கடிகாரத்தைத் தள்ளி வெக்குமே, அந்தச் சமயத்துல அது மறந்துபோய் இதையும் தள்ளிடுச்சாம்."

இது காதில் விழுந்ததும் ஹம்முவுக்குக் கொட்டாவி வந்தது. நோன்பு மாதம் வந்தால் மொராக்கோ தன் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் இழுத்துக்கொள்ளும். பெருநாள் கழிந்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை விடியலில் மறுபடி முன்னால் தள்ளும். போன தூக்கத்துக்காக நாடே ஒரு வாரம் மூக்கால் அழும். ஹம்முவும் நேற்றிலிருந்து அழுதுகொண்டுதான் இருந்தான்.

"அது நேத்துல்ல?" என்று ஆரம்பித்தான். மணி ஆடியது.

ஸி மஹ்ஜூப் ஸுஹூரின் காதருகே குனிந்தார். "அதான் எனக்கும் புரியல. ஒரு நாள் பிந்தி செஞ்சிருக்கு. இயந்திரத்துக்கும் சோம்பல் வருமோ என்னவோ. அவர்கிட்ட இதைக் கேக்கவும் முடியல. கேட்டா நானே கிழமையை ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும்."

ஸுஹூர் கடிகாரத்தின் பக்கமே போகவில்லை. பையிலிருந்து சூரியகாந்தி விதையை எடுத்துக் கொறித்தாள். "வாடா, பசிக்குது," என்றாள்.

ஹம்மு தலையில் அடித்துக்கொண்டே பின்னால் போனான்.

கீழே வரவேற்பறைக் கடிகாரங்கள், சாப்பாட்டறைக் கடிகாரம், நீச்சல் குளத்துக் கடிகாரம், எதைப் பற்றிக் கேட்டாலும் ஒரே பதில். ஞாயிறு விடியலில் எல்லாம் ஒரே நொடியில் தள்ளிக்கொண்டனவாம். சமையலறையில் யாம்னா, கை நிறைய மாவோடு நின்றிருந்தாள். அறுபது வயது, வாய்க்குப் பூட்டில்லை.

"சாச்சி, மேல இருக்கறவங்களுக்கு என்ன ஆக்கிப் போட்டீங்க?" என்றாள் ஸுஹூர்.

"அந்த வயித்தெரிச்சலை ஏன் கேக்கறே! வியாழக்கிழமை ராத்திரியோட கிளம்பிடுவாங்கன்னு சொன்னாங்க. அதை நம்பி கூஸ்கூஸ் ரவையை எல்லாம் என் மருமக வீட்டு விசேஷத்துக்குக் குடுத்துட்டேன். பார்த்தா வெள்ளிக்கிழமையும் இங்கேயே உக்காந்திருக்காங்க! ஜும்ஆ தொழுகை முடிச்சு வந்த விருந்தாளிக்கு, வெள்ளிக்கிழமையும் அதுவுமா, பருப்பு சூப்பும் ரொட்டியும் வெச்சேன். எங்கம்மா உயிரோட இருந்திருந்தா என் கையைப் பார்த்துத் துப்பியிருப்பா."

"அப்புறம்?"

"சனிக்கிழமை காலையில முதல் வேலையா ரவை வாங்கி, ஏழு காய் போட்டு, ஆட்டுத் தொடை போட்டு ஆக்கினேன். மானத்தைக் காப்பாத்திக்கணும்ல? ஆனா நல்லாருந்துச்சுன்னு ஒருத்தர் வாயைத் திறக்கல."

"நான் கேட்டுச் சொல்றேன் சாச்சி," என்றாள் ஸுஹூர். அவள் குரலில் ஒரு குஷி இருந்தது. ஹம்மு அதைக் கவனித்தான், ஆனால் ஆட்டுத் தொடை மீதி இருக்கிறதா என்று பார்ப்பதில் அவன் மனசு போய்விட்டது.

மேலே முதல் அறை ரைஹானாவுடையது. மர்ஸானா என்ற குட்டித் தீவு நாட்டின் பிரதிநிதி. முப்பத்தைந்து வயதிருக்கும். அழுது முடித்த முகம்.

"என் வீட்டுக்காரர் மீன் பிடிக்கப் போனார்," என்றாள். "கல்தாராவோட கரைக்காவல் இயந்திரம் அவர் படகைக் கடத்தல் படகுன்னு சொல்லிடுச்சு. ரெண்டு வருஷமா அவங்க ஜெயில்ல இருக்கார். நான் ஏறி இறங்காத ஆபீஸ் இல்ல. யாரு விடணும்னு கேட்டா, நாங்க முடிவு பண்ணலம்மா, இயந்திரம் பண்ணுச்சுங்கறாங்க. சரி, இயந்திரத்துக்கு யாரு சொல்லணும்னா, அது யாருக்குமே தெரியாதாம். ஏழாம் விதி வந்தா ஒரு மனுஷன் பதில் சொல்லியாகணும். அதுக்காகத்தான் இந்த வேலைக்கே வந்தேன். இப்போ அதுவும் போச்சு."

ஹம்முவின் வாயில் கிண்டல் ஒன்று தயாராக இருந்தது, விழுங்கிவிட்டான்.

ஸுஹூர் சற்று நேரம் அவள் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். அப்புறம் கேட்டாள், "கூஸ்கூஸ் எப்படி இருந்துச்சு?"

ஹம்மு திடுக்கிட்டான். இழவு வீட்டில் இலை போட்டாச்சா என்று கேட்டது போல் இருந்தது.

ரைஹானா கண்ணைத் துடைத்தாள். "நல்லாத்தான் இருந்துச்சு. ஜும்ஆ அன்னிக்கு வரும்னு பார்த்தோம், மறுநாள்தான் வந்துச்சு. ஏன் கேக்கறீங்க?"

"சமையல்காரம்மா கேக்கச் சொன்னாங்க."

அடுத்த அறையில் துல்ஃபா நாட்டின் அபூ ஷாகிர். எழுபது வயது, வயிறு அவருக்கு அரை அடி முன்னால் நடக்கும். கூஸ்கூஸ் என்றதும் எழுந்து உட்கார்ந்தார்.

"மகளே, நியாயத்தைச் சொல்லு. ஜும்ஆ தொழுதுட்டுப் பசியோட வர்றேன், பருப்பு சூப்பு! நோன்பு முடிஞ்சும் நோன்பா? மறுநாள் கூஸ்கூஸ் வந்தப்புறம்தான் உங்க நாட்டை மன்னிச்சேன்."

"தொழுகைக்கு யார் யார் போனீங்க?"

"நானும் ஸி மஹ்ஜூப்பும் அந்த ரைஹானாப் பொண்ணும். காரில கூட்டிப் போய்க் கூட்டி வந்தாங்க. கல்தாராக்காரர் அறைக் கதவு சாத்தியிருந்துச்சு. குறட்டைச் சத்தம் லிஃப்ட் வரைக்கும் கேட்டுச்சு."

மூன்றாவது அறையில் ஸ்டெல்வான் ஓர்க் பெட்டிக்குள் சட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்தார். கல்தாராவின் பிரதிநிதி. நெட்டை, வெளுத்த மீசை, ஊரில் உள்ள எல்லாமே தனக்குத் தெரியும் என்ற முகம். ஹோட்டலை ஓட்டும் இயந்திரம் அவர் நாட்டில் செய்ததுதான்.

"எவ்வளவோ கஷ்டப்பட்டோம், எல்லாம் வீணாப் போச்சு. மனசு விட்டுப் போச்சு," என்றார். சட்டையை மடித்த கை மட்டும் சுறுசுறுப்பாக இருந்தது.

ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுததாம் என்று ஹம்மு நினைத்துக்கொண்டான்.

"எங்க இயந்திரம்தான். ஆனா அது தானா செஞ்சது. இதுல யாரையும் குத்தம் சொல்ல முடியாது," என்றார் ஓர்க்.

"நான் அதுக்கு வரல சார்," என்றாள் ஸுஹூர், பெட்டியைப் பார்த்தபடி. பெட்டி பார்ப்பது பழைய பழக்கம். "சமையல்காரம்மாவுக்கு ஒரு மனக்குறை. கூஸ்கூஸைப் பத்தி யாரும் ஒரு வார்த்தை சொல்லலையாம்."

ஓர்க் முகம் மலர்ந்தது. "அருமைன்னு சொல்லுங்க! வெள்ளிக்கிழமைன்னா கூஸ்கூஸ். உங்க ஊர்ப் பழக்கமெல்லாம் எனக்கு அத்துப்படி. ராத்திரி முழுக்கப் பேசிட்டு, விடிஞ்சதும் ஒரு தூக்க மாத்திரை போட்டேன். கொஞ்சம்தான் கண் அசந்திருப்பேன். எழுந்தா வாசனை! ஆஹா, வெள்ளிக்கிழமை மத்தியானம்னு காலண்டரே இல்லாமத் தெரிஞ்சுக்கிட்டேன். மத்த ரெண்டு பேரும் கிழமை தெரியாம முழிச்சுக்கிட்டு இருந்திருப்பாங்க."

"உங்க அறிவே அறிவு சார்," என்றாள் ஸுஹூர்.

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். ஆனால் தவளை கத்தியது ஹம்முவுக்கு இன்னும் உறைக்கவில்லை. வெளியே வந்ததும் ஸுஹூரிடம் பொரிந்து தள்ளினான்.

"லல்லா, அந்தாள் பெட்டி கட்டி முடிச்சுட்டான். ரைஹானா அக்கா வாழ்க்கை போகுது. நீங்க என்னன்னா ஒவ்வொரு கதவாத் தட்டி சாப்பாடு பிடிச்சுதான்னு கேட்டுட்டு வர்றீங்க! நாம துப்பறிய வந்தோமா, கேட்டரிங் எடுக்க வந்தோமா?"

"இந்த மாடியில யாருகிட்டேயும் இன்னிக்கு என்ன கிழமைன்னு கேக்க முடியாதுடா. கேட்டா சட்டப்படி வியாழன்னுதான் சொல்லுவாங்க. அதனால வயித்தைக் கேட்டேன். வயிறு பொய் சொல்லாது. எல்லாரையும் மண்டபத்துக்கு வரச் சொல்லு. அந்தப் பெட்டியையும் தூக்கிட்டு வா."

பெட்டி கனத்தது. ஹோட்டல் துண்டுகளும் உள்ளே இருக்கின்றன என்று ஹம்மு கனத்தை வைத்தே முடிவு செய்தான்.

மண்டபத்தில் எல்லோரும் உட்கார்ந்தார்கள். ஓர்க் உட்காரவில்லை. கப்பலுக்கு நேரமாகிறது என்றார்.

"ஸி மஹ்ஜூப்," என்றாள் ஸுஹூர், "ஒரே ஒரு கேள்விக்கு மட்டும் உங்க மணியை மறந்துடுங்க."

பெரியவர் தயங்கினார். பிறகு மணியின் நாக்கை விரலால் பிடித்துக்கொண்டார்.

"ஓர்க் சார், இன்னிக்கு நிஜமா என்ன கிழமை?"

"இது ஒரு கேள்வியா?" என்று சிரித்தார் ஓர்க். "ஞாயித்துக்கிழமை! அதனாலதானே கடிகாரம் மாறிச்சு! உங்க நாட்டு வழக்கம் உங்களுக்கே தெரியாதா?"

அபூ ஷாகிர் ரைஹானாவைப் பார்த்தார். ரைஹானா ஸி மஹ்ஜூப்பைப் பார்த்தாள்.

"திங்கக்கிழமை," என்றான் ஹம்மு. சொல்லும்போதே அவன் மண்டைக்குள் விளக்கு எரிந்தது. "ஐயோ லல்லா! திங்கக்கிழமை!"

"ஞாயிறு விடியல்ல இந்த ஹோட்டல்ல இருக்கற அத்தனை கடிகாரத்தையும் இயந்திரம் ஒரே நொடியில தள்ளிடுச்சு," என்றாள் ஸுஹூர். "இது ஒண்ணை மட்டும் மரியாதைக்காக ஒரு நாள் விட்டு வெச்சுதா? இயந்திரம் உளறும், பொய் சொல்லும், அப்பாவியைப் பிடிச்சு ஜெயில்ல போடும். கிழமை மட்டும் மறக்காது. கிழமை மறக்கறவன் மனுஷன். அதுலயும் வெள்ளிக்கிழமை முழுசையும் மாத்திரை போட்டுத் தூங்கித் தொலைச்ச மனுஷன். சனிக்கிழமை முழிச்சு, கூஸ்கூஸைப் பார்த்ததும் வெள்ளின்னு எண்ண ஆரம்பிச்சுட்டீங்க. அங்கேருந்து நேரா எண்ணிட்டு வந்தீங்க, தப்பு சொல்ல முடியாது. ரெண்டு நாள் கழிச்சு உங்க ஞாயிறு வந்துச்சு. அது எங்க திங்கள்."

ஓர்க் நாற்காலியில் உட்கார்ந்தார்.

"நான் எதுக்கு..." என்றார்.

"மாட்டேன்னு சொல்லி எழுந்து போனா, ஒப்பந்தத்தைக் கெடுத்தது கல்தாரான்னு உலகமே பேசும். கெடு முடிஞ்சு போனா யார் பேரும் கெடாது. இயந்திரம் செஞ்சுது, யாரும் பொறுப்பில்ல. அழகாத்தான் யோசிச்சிருக்கீங்க."

"இவனைத் தூக்கிக் கடல்ல போடுங்க!" என்று எழுந்தார் அபூ ஷாகிர். வயிறு மேஜையில் இடித்துத் தேநீர்க் குவளைகள் உருண்டன.

ஸி மஹ்ஜூப் பேனாவை எடுத்தார். "மண்டபக் கடிகாரத்தைக் கல்தாரா பிரதிநிதி..." என்று எழுதத் தொடங்கினார்.

"வேணாம்," என்றாள் ரைஹானா.

எல்லோரும் திரும்பினார்கள். ஸுஹூர்கூட எதிர்பார்க்கவில்லை, கொறிக்க எடுத்த விதை விரலிலேயே நின்றது.

"இவர் பேரை எழுதினா இவரை ஊருக்குத் திருப்பி அனுப்புவாங்க. வேற ஒருத்தர் வருவார். முதல்லேருந்து பேசணும். அதுவரைக்கும் என் வீட்டுக்காரர் உள்ளேயே கிடக்கணுமா? இவர் சொன்னதையே எழுதுங்க ஐயா. இயந்திரம்தான் தள்ளுச்சுன்னு எழுதுங்க."

ஓர்க் நிமிர்ந்தார். அவர் கண்ணில் உயிர் வந்தது.

"ஆனா அதுக்கு அடுத்த வரி வேணும்ல?" என்றாள் ரைஹானா. "தப்பு நடந்திருக்கு. கடிகாரத்தைத் திருப்பி வெக்கணும். யாரும் பொறுப்பில்லைன்னா அதைத் தொட யாருக்கும் உரிமையில்ல, அது அப்படியே கிடக்கும். அப்போ ஐயா நிஜத்தை எழுதித்தான் ஆகணும். பொறுப்புன்னு ஒருத்தர் இருந்தா, அவர் மன்னிப்புக் கேட்டுத் திருப்பி வெச்சிடலாம், உங்க பேரு வெளிய வராது. இயந்திரத்தைப் பத்தி இங்க எல்லாரையும்விட உங்களுக்குத்தான் தெரியும். நீங்களே சொல்லுங்க சார். இயந்திரம் தப்பு பண்ணினா யாரு பொறுப்பு?"

ஓர்க் பெட்டியைப் பார்த்தார். ஹம்மு அதன் மேல் உட்கார்ந்திருந்தான்.

"அதை..." என்று தொண்டையைச் செருமினார். "அதை வெச்சு நடத்தறவங்க."

"சத்தமா, சார். காது கொஞ்சம் மந்தம்," என்றான் ஹம்மு.

"வெச்சு நடத்தறவங்கதான் பொறுப்பு!"

"ஏழாம் விதி," என்றார் ஸி மஹ்ஜூப், எழுதிக்கொண்டே. "கல்தாரா பிரதிநிதி சொன்ன வார்த்தைப்படியே. ஆட்சேபம் உண்டா?"

"நாங்க ஏன் ஆட்சேபிக்கிறோம்!" என்றார் அபூ ஷாகிர். அப்போதுதான் விஷயம் புரிந்து, வயிறு குலுங்கச் சிரித்தார்.

இங்கே இயந்திரத்தை வைத்து நடத்துபவர் என்ற முறையில் ஹோட்டல் மேலாளரை அழைத்து மன்னிப்புக் கேட்கச் சொன்னார்கள். எதற்கு என்று தெரியாமலே அவர் மனமாரக் கேட்டார். ஹம்மு நாற்காலி மேல் ஏறி முள்ளைப் பதினொன்று ஐம்பத்தைந்துக்குத் திருப்பினான். ஸி மஹ்ஜூப் கடிகாரத்தை ஓட விட்டார். சாவுக் கட்டிலிலிருந்து எழுந்தது போல் அது டிக் என்றது. பிறகு ஒரே பரபரப்பு. மேஜை மேல் காகிதங்கள் விரிந்தன. அபூ ஷாகிர் கண்ணாடியைத் தேடினார், அது நெற்றியிலேயே இருந்தது. ரைஹானா கையெழுத்துப் போட்டாள். ஓர்க்கின் பேனாவும் பெட்டிக்குள் போயிருந்தது. அவள் தன் பேனாவை நீட்டினாள். அவர் போட்டார்.

கடிகாரம் பன்னிரண்டு அடித்தது. திங்கட்கிழமை பட்டப்பகலில் வெள்ளிக்கிழமை பிறந்தது.

ரைஹானா பேனாவைத் திருப்பி வாங்கவில்லை. அவர் எதிரிலேயே நின்றாள்.

"ஸாபிர்னு பேரு. மர்ஸானா மீனவர். உங்க ஜெயில்ல இருக்கார்," என்றாள். "அவரை யாரு சார் வெளிய விடணும்?"

"அது எங்க இயந்திரம்தான்..." என்று வாய் தன் பழக்கத்தில் ஆரம்பித்தது. ஓர்க் நிறுத்திக்கொண்டார். முன்னால் கிடந்த காகிதத்தைப் பார்த்தார். மை இன்னும் காயவில்லை.

"நான்," என்றார். "நான்தாம்மா விடணும்."